மடிப்பு வரிசை

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். தனியாளாகவும் மடிக்கலாம், ஆனால் ஏதேனும் ஒரு முனை தரையைத் தொட்டுவிடும், தரையைத் தொட்டதை மறுபடியும் துவைக்கப் போட வேண்டும் என்பது சலவைக்கூடத்துச் சட்டம். ஆகவே அந்த மடிப்பு அறையில் எல்லோரும் இரண்டிரண்டு பேராகவே நின்றார்கள். அக்காவுக்கு எதிர்முனையில் பதினாறு வருஷமாக நின்றவன் அவளுடைய தம்பி.

துவைத்ததை உலர்த்தித் தேய்க்கும் ரோலர் மிஷினின் வாயிலிருந்து விரிப்பு சூடாக வந்து விழும். ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு மூலையில் சிவப்பு நூலால் அடையாளம் தைத்திருக்கும். தம்பி அந்த மூலையைத் தேடி வலது கையில் பிடித்துக்கொண்டு, "மூலை பிடி" என்று அறை முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பான். அதன் பிறகே அக்கா தன் பக்கத்து மூலைகளைப் பிடிக்க வேண்டும். முந்திப் பிடித்தால் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கச் சொல்வான். முதலில் ஓர் உதறல். பிறகு நீளவாட்டில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று. பிறகு அவன் எட்டடி நடந்து வந்து தன் கையிலிருப்பதை அவள் கையில் சேர்ப்பான். கடைசியாக, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் இரண்டு தட்டு. இந்த ஐந்தும் ஒருநாளும் முன்பின்னாக மாறியதில்லை. சலவைக்கூடத்தில் அவனுக்கு மூலைக்காரர் என்று பெயர். முப்பத்தெட்டு வயது ஆனவன் என்பதால், வாங்க போங்க என்றே கூப்பிட்டார்கள். அதில் மரியாதை பாதி, விளையாட்டு பாதி.

மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்த ஐந்துக்குள் இருந்தது.

பதினைந்து வயதில் அவன் ஒருமுறை பேருந்து நிலையத்தில் தொலைந்து போய்விட்டான். காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் பிடித்து உட்கார வைத்துக் கேட்டார்: பேர் என்ன, அப்பா பேர் என்ன, வீடு எங்கே, போன் நம்பர் என்ன, நான் கேக்கிறது புரியுதா? அவன் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. திமிர் என்று எண்ணி அவர் கன்னத்தில் விட்ட அறையின் தடம் மூன்று நாள் சிவந்திருந்தது. அம்மா அழுதாள். அக்கா அழவில்லை, பரணிலிருந்து ஒரு பழைய விரிப்பை இறக்கினாள்.

அவனுக்கு எதையும் காதுவழி ஏற்ற முடியாது. கைவழி ஏற்றலாம் என்பது அவளுக்குத் தெரியும். உதறும்போது பேர். முதல் மடிப்புக்கு அப்பா பேர். இரண்டாவதற்கு வீட்டு விலாசம். நடந்து வரும்போது போன் நம்பர். தட்டும்போது, "புரியுது ஐயா." ஏழு மாதம் பிடித்தது. ஏழு மாத முடிவில் அவன் எந்த அந்நியர் முன்னாலும் நிமிர்ந்து நின்று ஐந்து கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்னான். விரல்கள் மட்டும் தொடையருகே எதையோ பிடித்து மடிப்பதுபோல அசையும். அதை யாரும் கவனிப்பதில்லை. சலவைக்கூடத்து மேஸ்திரி அவனை வேலைக்கு எடுத்தபோது கேட்டதும் அந்த ஐந்தைத்தான். "பையன் அமைதியானவன், ஆனா விவரமானவன்" என்றார் மேஸ்திரி. அக்கா அன்று வீட்டுக்கு வரும் வழியில் அந்த வாக்கியத்தை நாலு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

இப்போது அந்த வாக்கியம்தான் இடைஞ்சலாக வந்து நின்றது.

*

நடந்தது இதுதான். தங்கும் விடுதி ஒன்றின் அழுக்குத் துணி சலவைக்கூடத்துக்கு வரும். வேனில் போய் அறை அறையாக எடுத்து வருவது தம்பியின் காலை வேலை. அதற்கும் அக்கா ஒரு வழிமுறை கற்றுக் கொடுத்திருந்தாள். "உள்ள போனா எதையும் தொட்டுப் பாக்காத. கட்டில்ல இருக்கிற விரிப்போட நாலு மூலையையும் கூட்டி ஒரு முடிச்சு. தூக்கிட்டு வந்துரு." அறையில் கையைத் துழாவவிட்டால் திருட்டுப் பட்டம் வரும் என்பது அவளுடைய முன்யோசனை. அதனால் கட்டிலில் கிடப்பதெல்லாம் முடிச்சுக்குள் வந்து சேரும். சீப்பு வரும், மூக்குக்கண்ணாடி வரும். ஒருமுறை யாருடையதோ பல் செட் முழுசாக வந்தது. அவையெல்லாம் அக்காவின் மேசைக்கடியிலிருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். மாலையில் மேஸ்திரி விடுதிக்குப் போன் செய்வார். கண்டெடுத்த பொருளை அவளிடமே தர வேண்டும், வேறு யாரிடமும் தரக் கூடாது என்பதும் அவள் விதித்ததுதான்.

அன்று முடிச்சுக்குள் ஒரு தங்கச் சங்கிலி வந்தது. அன்று அக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. தாடை வீங்கி இரண்டு நாள் லீவு. வீட்டில்தான் படுத்திருந்தாள், ஆனால் சலவைக்கூடத்துப் பொருள் சலவைக்கூடத்து மேசையில்தான் கைமாறும் என்பது அவன் கணக்கு. வீட்டில் அவளிடம் அவன் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அவள் வேலைக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தான்.

இரண்டாம் நாள் மதியம் போலீஸ் வந்தது.

"எடுத்தியா?"

"எடுத்தேன் ஐயா."

"எடுத்தவன் ஏன்டா திருப்பிக் குடுக்கல?"

"அக்கா லீவு."

முதல் பதிலை எழுதிக்கொண்டார்கள். இரண்டாவதற்குப் படிவத்தில் இடமில்லை.

ஜாமீன் கிடைக்க நாற்பத்தொரு நாள் ஆயிற்று. அந்த நாற்பத்தொரு நாளும் உள்ளே அவன் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்பதை யாராலும் அவனிடமிருந்து வாங்க முடியவில்லை. வெளியே வந்தவன் வீட்டுக் கதவைச் சாத்த விடுவதில்லை. குளியலறைக் கதவைக்கூடத் திறந்து வைத்தே குளித்தான். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தான். நடக்கும்போது சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வழக்கு முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

*

இலவசச் சட்ட உதவியில் அமைந்த வக்கீலம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து, கோப்பை மடியில் வைத்து, அதன்மேல் பன்னை வைத்துப் பிய்த்துத் தின்றபடியே பேசுவாள்.

"வழக்கு நடந்துச்சுன்னா முதல் கேள்வி என்னம்மா? எடுத்தியாங்கிறது. உங்க தம்பி என்ன சொல்வார்?"

"எடுத்தேன்னுவான்."

"எங்கேர்ந்து, எப்படி, எதுக்குன்னு சொல்வாரா?"

"கேட்டா சொல்லுவான். வீட்ல உக்காந்து மெதுவாக் கேட்டா."

"அங்க மெதுவா யாரு கேக்கப்போறா? அதுக்குள்ள எழுதிக் கையெழுத்தும் வாங்கிருவாங்க." வக்கீலம்மா விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டினாள். "உங்க மேஸ்திரி வந்து அந்த டப்பா விஷயத்தைச் சொல்வாரா?"

"விடுதிக்காரங்க பகையாயிடுவாங்கன்னு முதலாளி வேணாம்னுட்டார்."

"அப்போ ஒரே வழிதான். தன்மேல என்ன குத்தம் சொல்றாங்க, இங்க என்ன நடக்குது, வக்கீலுக்கு என்ன சொல்லணும், இதெல்லாம் அவருக்கு விளங்காதுன்னு நீதிபதி ஏத்துக்கணும். பிறவியிலேர்ந்தே இருக்கிறது, மருந்து குடுத்து மாத்துற சமாச்சாரம் இல்லைன்னும் ஏத்துக்கணும். ஏத்துக்கிட்டா வழக்கையே தள்ளுபடி பண்ணிருவாங்க. இல்லேன்னா விசாரணை. விசாரணைன்னா மறுபடி உள்ள போறதுக்குத் தயாரா இருங்க."

"பெரிய ஆஸ்பத்திரியில மூணு டாக்டர் சேந்து எழுதிக் குடுத்திருக்காங்களே."

"குடுத்திருக்காங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஜெயில் டாக்டர் ஒருத்தர் எழுதியிருக்கார், பாருங்க." அவள் பன்னை நகர்த்திவிட்டு வாசித்தாள். "'அஞ்சு கேள்வி கேட்டேன். அஞ்சுக்கும் தெளிவாகப் பதிலளித்தார்.' ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி. அதனால நீதிபதி தானே கேட்டுப் பாக்கணும்ங்கிறார்."

எந்த ஐந்து என்று அக்காவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள், சொன்னால் தான் ஏழு மாதம் பாடுபட்டுக் கட்டியதைத் தானே இடித்துக் காட்டுவதாகும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் பண்ணுங்க" என்றாள் வக்கீலம்மா. "அதுவரைக்கும் எதையும் சொல்லிக்குடுக்காதீங்க. அவர் எப்படி இருக்காரோ அப்படியே வரட்டும்."

*

நீதிபதி கேட்டுப் பார்க்கும் நாள் மூன்று முறை தள்ளிப்போயிற்று. முதல் முறை நீதிபதி விடுப்பு. இரண்டாம் முறை கோப்பு வேறு அறையில். மூன்றாம் முறைக்குக் காரணமே சொல்லவில்லை. வானமும் அப்படித்தான் இருந்தது. பத்து நாளாக மேகம் கட்டிக்கொண்டு நின்றது, பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. சலவைக்கூடத்துக்குள் நீராவி வெளியேற வழியில்லாமல் சுவர்களில் வியர்த்தது.

அக்காவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மடிப்பு மேசையிலிருந்து ஊறல் தொட்டிக்குப் போனாள். போன காரியம் மறந்து திரும்பினாள். எதிர்முனைக்கு வைத்த புதுப் பெண் அவசரக்காரி. இரண்டாவது மடிப்பு முடியுமுன்பே நடந்து வந்துவிடுவாள்.

ரோலர் மிஷினில் நிற்பவள் அக்காவின் வயதுக்காரி. அந்த மிஷின் சத்தத்தையும் மீறிப் பேசிப் பழகியதால், அவள் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

"அடியே, அந்தத் தலையணை உறையை நீ மூணாவது தடவையா எடுத்து வைக்கிற. அது உன்னைப் பாத்துப் பயந்துபோய்க் கிடக்கு. பாவம், விடு."

"மனசு ஒரு நிலையில இல்லடி."

"நாளைக்குத்தானே? வக்கீலம்மா என்ன சொல்றா?"

"அவனுக்கு ஒண்ணும் விளங்காதுன்னு ஜட்ஜ் ஐயாவுக்கு விளங்கணுமாம்."

"அது கஷ்டமாச்சே! நீ மூலைக்காரரை நம்ம மேஸ்திரியை விட விவரமா ஆக்கி வச்சிருக்கியே."

கணக்கெழுதிக்கொண்டிருந்த மேஸ்திரி தலை நிமிராமல், "காதுல விழுது" என்றார்.

"விழட்டும்னுதானே சொல்றேன். ஆளு நல்லவர்னு அங்க வந்து ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரல, காது மட்டும் நல்லாத்தான் இருக்கு."

மேஸ்திரியின் பேனா நின்றது, பிறகு ஓடியது.

"நாளைக்குக் கசங்கின சட்டையாப் போட்டுக் கூட்டிட்டுப் போ" என்றாள் ரோலர்க்காரி, தன்னால் முடிந்த அளவு தணிந்த குரலில். "தலை சீவாத. ஷேவிங் பண்ணாத. பாத்ததுமே தெரியட்டும்."

"சலவைக்கூடத்துல வேலை பாக்கிறவ தம்பி கசங்கின சட்டையோட போறதா?"

"போனா என்ன, உன் வேலையா போயிரும்?"

"அவன் போட மாட்டான்டி." உண்மை அது மட்டுமல்ல என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. அப்படி அவனை நிறுத்த அவளுக்குக் கை வராது.

*

மறுநாள் காலை அவள் விழித்தபோது தம்பி ஏற்கெனவே எழுந்திருந்தான். தன் கட்டில் விரிப்பை எடுத்து ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தான் பிடித்து, வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தான். உதறல், பேர். மடிப்பு, அப்பா பேர். கொக்கி ஒத்துழைக்காததால் விரிப்பு சரிந்தது, முதலிலிருந்து தொடங்கினான்.

"யாருடா சொல்லச் சொன்னா உன்னை?"

"இன்னைக்குக் கேப்பாங்க இல்ல அக்கா?"

"கேட்டாக் கேக்கட்டும். நீ சும்மா இரு."

"சரியாச் சொல்லுவேன்."

"தெரியும்டா."

"சரியாச் சொன்னா வேலைக்கு வரலாமா?"

அவள் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் செருகினாள். நீல முழுக்கைச் சட்டையைக் கழுத்துப்பட்டையில் தொடங்கி மணிக்கட்டுவரை ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்தாள். முகம் மழித்துவிட்டாள். தலையில் தண்ணீர் தொட்டு வகிடு எடுத்தாள். ரொட்டியைப் பாலில் நனைத்து அவன் தின்றான்.

நீதிமன்ற வராண்டாவில் அவனைக் கண்ட வக்கீலம்மா இரண்டு கண்ணையும் மூடித் திறந்தாள். "என்னம்மா, மாப்பிள்ளை பாக்கவா வந்திருக்கோம்?"

"எப்படி இருக்கானோ அப்படியே வரட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. இப்படித்தான் இருப்பான்."

பெஞ்சில் அவன் உட்கார்ந்தான். அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர்க் குழாய்வரை போனாள், குடிக்காமல் திரும்பினாள். உள்ளே மின்விசிறி கறகறவென்று சுற்றியது. யார் யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தம்பி எழுந்து நின்றான். ஒவ்வொரு முறையும் அவள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் பேரைக் கூப்பிட்டபோது அவளுக்கு எழ வரவில்லை. அவன்தான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினான்.

நீதிபதி வயதானவர், சலிப்பு தெரிந்தாலும் சிடுசிடுப்பில்லாத முகம். கோப்பிலிருந்த இரண்டு மருத்துவ அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கூண்டில் ஏற்றாமல், தம்பியை மேசைக்கு அருகிலேயே வரச் சொன்னார்.

"பயப்பட வேண்டாம். உங்க பேர் என்ன?"

அவன் நிமிர்ந்து நின்று தன் பேரைச் சொன்னான்.

"அப்பா பேர்?"

சொன்னான்.

"வீடு எங்க இருக்கு?"

கதவு எண், தெரு, குறுக்குத் தெரு, எதிரேயிருக்கும் மருந்துக் கடை என ஒன்று விடாமல் சொன்னான்.

"வீட்ல போன் இருக்கா? நம்பர் தெரியுமா?"

பத்து எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். சொல்லும்போது இரண்டடி முன்னால் நடந்தான். காவலர் ஒருவர் கை நீட்டித் தடுத்தார்.

"நான் கேக்கிறது உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது ஐயா." வலது உள்ளங்கை தொடையை இரண்டு முறை தட்டியது.

அரசு வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, என் தரப்பு சாட்சிகள் பல பேர்கூட இவ்வளவு தெளிவாப் பேசினதில்லை." அறையில் ஒரு சிறு கலகலப்பு. நீதிபதி பெரிய ஆஸ்பத்திரி அறிக்கையை எடுத்து, அதன்மேல் ஜெயில் டாக்டர் அறிக்கையை வைத்தார். வக்கீலம்மா ஏதோ சொல்ல எழுந்தாள்; "எழுத்துமூலம் உங்க வாதம் இருக்கு" என்று கையமர்த்தினார்.

தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். மேஸ்திரி வேலைக்கு எடுத்த அன்று பார்த்த அதே பார்வை. ஐந்தும் சரி.

அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அவன் மூளை குறைந்தவன் என்று யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். தெளிவாகப் பதில் சொன்னவன் என்று எழுதி, கதவைச் சாத்தியிருப்பார்கள்.

"ஐயா" என்றாள். எழுந்து நின்றுவிட்டதை அதன் பிறகே உணர்ந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"கூடப் பொறந்த அக்கா." வக்கீலம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தது தெரிந்தது. "அவன் பதில் சொல்லல ஐயா. மடிச்சான்."

"என்ன பண்ணினார்?"

"விரிப்பு மடிச்சான். நான்தான் சொல்லிக்குடுத்தேன். உதறும்போது பேரு, மடிக்கும்போது அப்பா பேரு... அப்படியே வரிசை. நீங்களும் அதே வரிசையில கேட்டுட்டீங்க. எல்லா அதிகாரிங்களும் அதே வரிசையிலதான் கேப்பாங்க, அதனாலதான் அப்படிச் சொல்லிக்குடுத்தேன். நீங்க அவன் முகத்தைப் பாத்தீங்க, கையைப் பாக்கல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாலாவதை முதல்ல கேளுங்க ஐயா. கேட்டுப் பாருங்க."

நீதிபதி மேசைக்கு மேலாகக் குனிந்து, இந்த முறை தம்பியின் கைகளைப் பார்த்தபடி கேட்டார்.

"உங்க வீட்டு போன் நம்பர் என்ன?"

விரல்கள் உதறின. அவன் தன் பேரைச் சொன்னான்.

"இது என்ன இடம்?"

முதல் மடிப்பு. அப்பா பேர்.

"நான் யாரு?"

கதவு எண், தெரு, குறுக்குத் தெரு, மருந்துக் கடை.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொருவர் சேர்ந்தார். நீதிபதி தலையைத் தூக்கியதும் நின்றது. ஆனால் தம்பியின் காதில் விழுந்துவிட்டது. எங்கோ தவறிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. கைகள் பாதி மடிப்பில் அந்தரத்தில் நின்றன. அவன் அக்காவைத் தேடினான். எதிர்முனையில் நிற்க வேண்டியவள் கைகளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

நீதிபதியின் குரல் தணிந்தது. "சரி, பரவாயில்லை. ஒண்ணே ஒண்ணு. நீங்க எதுக்கு இங்க வந்திருக்கீங்க?"

இதற்கு வரிசையில் மடிப்பே இல்லை. மின்விசிறி கறகறத்தது. அவன் கை மெல்ல எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையின் பையைத் தொட்டு, பொத்தானைத் திருகியது.

"அக்கா லீவு" என்றான்.

அறையில் யாருக்கும் அது விளங்கவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் போலீஸிடம் சொன்னதையே, கேட்பார் கிடைக்கும்வரை சுமந்து வந்து, அவன் மறுபடி சொல்லியிருக்கிறான் என்று ஒருத்திக்குத்தான் விளங்கியது. அவள் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

*

உத்தரவு நாலு வரி. குற்றஞ்சாட்டப்பட்டவர் பிறவியிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர். வழக்கை எதிர்கொள்ளும் திறனற்றவர். அத்திறன் வருவதற்கான வாய்ப்பும் இல்லை. ஆகவே குற்றச்சாட்டு தள்ளுபடி செய்யப்படுகிறது. அவர் அக்காவின் பொறுப்பில் விடப்படுகிறார்.

வராண்டாவில் வக்கீலம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "முடிஞ்சுதும்மா! நீங்க எழுந்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு. ஏன்மா, இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"அவன் எடுக்கலைன்னு அதுல எழுதியிருக்கா?"

"என்னது?"

"சங்கிலியை. அவன் திருடலைன்னு."

வக்கீலம்மா கைகளை விட்டாள். "எடுத்தார்னும் இல்ல, எடுக்கலைன்னும் இல்லம்மா. அந்தக் கேள்விக்கே போகல. அதுக்குப் போகாம இருக்கத்தானே இவ்வளவு பாடு."

"அப்ப அது அப்படியே கிடக்கும்."

"கிடக்கட்டுமே. அவர் வீட்ல இருப்பார் இல்ல?"

"இருப்பான்" என்றாள் அக்கா. அது பெரிய விஷயம்தான். இல்லையென்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

பேருந்தில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். பத்து நாள் கட்டிக்கிடந்த மேகம் அப்போதும் பெய்யவில்லை. மூன்று நிறுத்தம் தாண்டியதும் பேசினான்.

"தப்பாச் சொல்லிட்டேனா அக்கா?"

"இல்லடா. சரியாத்தான் சொன்ன."

"சிரிச்சாங்க."

"அவங்க கிடக்கிறாங்க, விடு."

இன்னொரு நிறுத்தம் போனது.

"முதல்ல சரியாச் சொன்னேன். நீ எந்திரிச்சுட்ட."

அவள் டிக்கெட்டை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தாள். இறங்குமிடம் வந்தபோது அது தூளாகியிருந்தது.

*

வேனில் அனுப்புவதில்லை, விடுதிப் பக்கமே போகக் கூடாது, மடிப்பு அறையில் மட்டும் நிற்கலாம் என்ற ஏற்பாட்டில் மறுவாரம் மேஸ்திரி அவனை உள்ளே விட்டார். முதலாளியிடம் பேசி அதை வாங்கியது தான்தான் என்பதை அவர் சொல்லவில்லை. ரோலர்க்காரி கண்டுபிடித்து, அவர் தேநீரில் தன் கையால் கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

"வாங்க மூலைக்காரரே!" என்று மிஷின் சத்தத்துக்கு மேலே கூவினாள். "நீங்க இல்லாம இங்க ஒரு விரிப்பும் ஒழுங்காப் படுக்கல. உங்க அக்கா மடிச்சதைப் பாருங்க, பூனை உருண்ட மாதிரி!"

அவன் லேசாகச் சிரித்தான். அவசரக்காரப் பெண் விலகிக்கொண்டாள். அவன் தன் பழைய இடத்தில் போய் நின்றான். தரையில் பதினாறு வருஷக் கால்தடம் சிமெண்டை வழுவழுப்பாக்கியிருந்த இடம்.

மிஷினின் வாயிலிருந்து முதல் விரிப்பு ஆவியோடு வந்து விழுந்தது. அக்கா அதைத் தொடாமல் காத்திருந்தாள். அவன் சிவப்பு நூலைத் தேட வேண்டும். மூலை பிடி என்று அறிவிக்க வேண்டும். பிறகுதான் அவள் பிடிக்க வேண்டும்.

அவன் விரிப்பைப் பார்த்தான். சிவப்பு நூல் மேலாகவே, கண்ணுக்கு நேராகவே கிடந்தது. கையை நீட்டினான், பாதி வழியில் நிறுத்தினான். வேறொரு மூலைக்கு நீட்டினான், அதையும் விட்டான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எந்த மூலை அக்கா?"

பதினாறு வருஷத்தில் அவன் கேட்டறியாத கேள்வி. அவள் வாய்வரை பதில் வந்தது, சொல்லவில்லை. சொன்னால், இனி ஒவ்வொரு விரிப்புக்கும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

"உனக்கு எது தோணுதோ அது" என்றாள்.

தன் பக்கத்து இரண்டு மூலைகளையும் அவள் பிடித்துக்கொண்டாள். முந்திப் பிடித்தாள்; விடச் சொல்லி அவன் அதட்டட்டும் என்றே பிடித்தாள். அவன் அதட்டவில்லை. நான்கு விரலும் சட்டைப் பையின் பொத்தான்மேல் இருக்க, விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். மிஷினிலிருந்து இரண்டாவது விரிப்பு வந்து விழுந்தது, மூன்றாவது வந்தது. "என்னடி அங்க, குவியுது!" என்று ரோலர்க்காரி குரல் கொடுத்தாள். விரிப்பின் மறுமுனை தரையைத் தொட்டுவிடாதபடி அக்கா கைகளை இன்னும் உயர்த்தினாள், தோள் கடுக்கத் தொடங்கியது, அவள் இறக்கவில்லை.